வழக்கை அலிப்பூருக்கு இழுத்து வந்தேன்

என் கணவர் என்மீது ஒன்றுக்கு இரண்டாக வழக்குப் போட்டார். ஒன்று விவாகரத்து கேட்டு. மற்றது எங்கள் மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி. இரண்டையும் தன் ஊரான திருநெல்வேலியில் போட்டார். நானும் மகளும் இருந்ததோ கொல்கத்தாவில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவின் வீட்டில். மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் கோபித்துக்கொண்டு அவளோடு கிளம்பி வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத மனுஷன், பிள்ளை வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். சம்மனைப் படித்ததும் எனக்கு வந்தது பயமா ஆத்திரமா என்று கேட்டால் இரண்டும்தான்.

திருநெல்வேலிக்குப் போகாவிட்டால் நான் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். போனால் மகளையும் கூட்டிப் போகவேண்டும். அங்கே அவருடைய ஆட்கள், அவருடைய தெரு, அவருக்கு வேண்டிய வக்கீல்கள். பிள்ளையோடு போய்ப் பிள்ளை இல்லாமல் திரும்பி வருவேனோ என்ற நினைப்பு என்னைச் சோறு தின்ன விடவில்லை. வழக்கை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று வழி சொன்னவர் கொல்கத்தாவின் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த ஒரு வங்காளி. எல்லாரும் அவரைத் தாதா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லி, அங்கே தனக்குத் தெரிந்த வக்கீலிடம் மனு எழுதி வாங்கினார்.

மனுவைப் படித்தேன். எனக்குச் சுள்ளென்று ஏறியது. மனுதாரர் ஆண் துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர், வருமானம் ஏதுமற்றவர், நோயாளித் தந்தையின் தயவில் காலம் தள்ளுபவர் என்று எழுதியிருந்தது. யார் இந்த அம்மாள்? நான் இங்கே சால்ட் லேக்கில் ஒரு கணினி நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பெட்டியுமாகத் திருநெல்வேலியில் ரயிலேறி, சென்னையில் வண்டி மாறி, ஹவுராவில் டாக்சிக்காரனோடு மல்லுக்கட்டி வீடு வந்து சேர்ந்தவள். என் அப்பாவோ தினமும் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து லுச்சிப் பூரியை ஒரு கை பார்க்கிற ஆள்.

“எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் எழுதுவோம். பாவமாக இருந்தால்தான் கேஸ் மாறும்” என்றார் தாதா.

“துணையில்லாமல் நாலு எட்டு வைக்கத் தெரியாதவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள் என்று நாளைக்கு அவர்கள் கேட்பார்களே, அப்போது என்ன சொல்வீர்கள்?” என்றேன். அவர் தேநீரைக் குடித்தார்.

கூட வந்திருந்த அப்பாவுக்கு என் வாயைப் பார்த்துப் பதற்றம். “ஏ பிள்ளே, கையெழுத்துத்தான கேக்காவ? போட்டுக் குடுத்துட்டு வா. வக்கீலுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிட்டு?”

“நீங்க நோயாளின்னு எழுதியிருக்குப்பா.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “எவம்ல இத எழுதுனது?” என்றார்.

அந்த வரிகளை அடித்தேன். நான் சம்பாதிக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போவேன், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மாதாமாதம் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு அலைய முடியாது, பிள்ளை இருக்கும் ஊரில்தான் பிள்ளையைப் பற்றிய வழக்கும் இருக்கவேண்டும் என்று எழுதச் சொன்னேன். தோற்றால் என்னைக் குறை சொல்லாதே என்று தாதா முன்கூட்டியே கையைக் கழுவிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. வீம்புக்காகப் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

டெல்லி விசாரணையைத் தாதாவின் அறையில் கணினியில் பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததுமே, இந்தப் பெண் சம்பாதிக்கிறவர், தனியாகப் பயணம் செய்வேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், ரயில் கட்டணத்தை நாங்கள் கொடுக்கிறோம் என்றார். அப்போதே சொன்னேனே என்கிற மாதிரி தாதா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி கேட்டது ஒரே கேள்வி, குழந்தை எங்கே படிக்கிறது? கொல்கத்தாவில் என்று எங்கள் வக்கீல் சொன்னார். பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வழக்கும் அலிப்பூருக்கு மாறின. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்ட இனிப்புக் கடையில் ஒரு பானை ரசகுல்லா வாங்கினேன்.

வழக்கு வந்தால் என் கணவரும் வருவார் என்பது அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை. அலிப்பூரில் முதல் விசாரணைத் தேதிக்கு வந்து நின்றார். மெலிந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது. இவ்வளவு தூரம் வருகிற தகப்பன் பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டாமா என்று அவர் வக்கீல் கேட்க, ஒவ்வொரு தேதியன்றும் சாயங்காலம் வரை மகளை அவரோடு அனுப்பவேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். இங்கிருந்து ஹவுராவுக்கு டாக்சியில் எவ்வளவு நேரம்? தெற்கே போகிற வண்டியில் ஏற்றிவிட்டால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்களைப் பின்தொடர்ந்து போனேன். கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் அவர் அவளுக்குக் கிளிப், வளையல் என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நாலு கடை தள்ளி நின்று, வாங்கப்போகாத நைட்டிக்கு விலை பேசினேன். அவள் வங்காளத்தில் பேரம் பேசுவதும், அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவதுமாக இருவரும் சிரித்தார்கள். கடைக்காரி துணியை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அதை விலக்கிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணவில்லை.

போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கிடைத்த டாக்சியில் ஏறி ஹவுரா என்றேன். பாலத்தில் வண்டி நகரவில்லை. இறங்கி ஓடினேன். ஸ்டேஷனில் தெற்கே போகிற வண்டி நின்றது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு, அவள் பெயரைக் கத்திக்கொண்டு போனேன். அங்கே என்னைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வண்டியின் பாதிக்கு வந்தபோது அப்பா கூப்பிட்டார்.

“பிள்ள வீட்டுக்கு வந்தாச்சு. மாப்பிள்ள வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாவ. நீ எங்கன கெடக்கே?”

அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் மகள் கை நிறைய வளையலோடு, “மா, ஆபார் கபே டேட்?” என்றாள். மறுபடியும் எப்போது தேதி என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கிற மாதிரி அவள் கோர்ட் தேதியை எதிர்பார்க்க ஆரம்பித்தாள். தேதியன்று தானே எழுந்து தலைவாரிக்கொள்வாள். நான் ஒவ்வொரு தேதிக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவேன். சீக்கிரம் முடியுங்கள் என்று தாதாவை அரித்தெடுப்பேன். அந்த மனுஷன் பிள்ளையைக் கேட்டு நிற்கிறவரை எனக்கு நிம்மதி ஏது?

கடைசித் தேதியன்று அவர் வக்கீல் எழுந்து, பிள்ளையைக் கேட்ட வழக்கை வாபஸ் வாங்குகிறோம், அம்மாவிடமே இருக்கட்டும், இருவரும் சம்மதித்துப் பிரிந்தால் போதும் என்றார். நான் கும்பிட்ட சாமியெல்லாம் சேர்ந்து கொடுத்தது போல இருந்தது. பிள்ளையை எப்போது பார்க்க வருவீர்கள் என்று ஜட்ஜ் அவரைக் கேட்டார். பார்க்க வருவதற்கென்று தேதி ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை என்று வக்கீலே பதில் சொன்னார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தாதாவின் அங்கியைப் பிடித்து இழுத்தேன். மாதம் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள் என்றேன். ஜெயித்துவிட்டாய், வாயை மூடிக்கொண்டு நில் என்று அவர் பல்லைக் கடித்தார். என்னால் முடியவில்லை. நானே ஜட்ஜிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகவே சொன்னார். பார்க்க வருகிறவரைத் தடுக்காதே என்று உங்களுக்கு உத்தரவு போடலாம். வந்து பார் என்று அவருக்கு உத்தரவு போட முடியாது.

வராந்தாவில் அவரை மறித்தேன். “பிள்ள வேணும்னுதான கேஸ் போட்டீங்க? இப்ப வேண்டாமா?”

“என்னால இவ்வளவு தூரம் அலைய முடியல. கடையப் பாக்க ஆளில்ல” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீதான கேஸ இங்க இழுத்துட்டு வந்தே. ஜெயிச்சிட்டல்லா, பொறவு என்ன?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கை இங்கே கொண்டு வந்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அங்கேயே விட்டிருந்தால் அலைந்திருப்பது என் பிள்ளை. என் அப்பாவோடு வாசலில் காத்திருந்த மகளின் தலையில் கை வைத்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவள் அவர் டாக்சி ஏறும்வரை கையாட்டினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது வழக்கம்போலக் கேட்டாள். “அடுத்த டேட் எப்பம்மா?”

“இனிமே டேட் கிடையாதும்மா. கேஸ் முடிஞ்சாச்சு.”

அவள் நின்றாள். “அப்ப அப்பா எப்படி வருவாங்க?” என்றாள். “நீ ஏம்மா முடிச்சே?”

நான் முடிக்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், பிறகு யார் முடித்தது என்று கேட்பாள். அப்பா என்னைப் பார்த்தார்.

“ஆமா, நான்தான் முடிச்சேன்” என்றேன்.

அவள் என் கையை உதறிவிட்டு, தாத்தாவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.