புளியமரத்தைத் தாண்டிப் போன பத்து நாள்

என் ஓரகத்தி பூமாலை அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிட வேண்டும். எண்பத்தேழாம் வருசம் புரட்டாசியில் அவளும் அவள் புருசனும் கடலைப் பார்க்கப் போனார்கள். ஒரே நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள் பத்து நாள் கழித்து வந்தார்கள். அந்தப் பத்து நாளும் மூன்று மாடு, ஒரு மாமியார், மரவள்ளிக் கொல்லையில் களையெடுக்கும் ஆள், எல்லாருக்கும் பொங்கிப் போட்டவள் நான். ஆண்டாள் என்று பெயர் வைத்தார்களே தவிர, என்னை யார் ஆள விட்டார்கள்?

வடக்கனந்தலில் எங்கள் வீடு. பெரியவர் தெய்வசிகாமணி, பூமாலை அக்காவின் புருசன். நான் மாமா என்று கூப்பிடுவேன். சின்னவர் நாராயணசாமி, என் வீட்டுக்காரர். மாமியார் ராணியம்மாள். அந்த அம்மா குரல் கொடுத்தால் கோமுகி அணையில் தண்ணீர் ஒரு அங்குலம் இறங்கும் என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார், அவங்க காதில் விழாத இடத்தில்.

எங்கள் வீட்டில் புருசன் பெண்டாட்டி பகலில் பேசிக்கொள்ளும் வழக்கமே கிடையாது. ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம். பூமாலை அக்காவுக்குப் பிள்ளையும் இல்லை. என் மகன் இளஞ்செழியனைத்தான் தூக்கித் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருசம் ஆன பிறகு ஒருநாள் வைக்கோல் பிடுங்கும்போது என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி ஆண்டாளு, உங்க மாமாவுக்குப் பேச வருமா? எனக்குத் தெரியவே இல்லடி. சோறு போடு, தண்ணி குடு, இத்தத் தவிர வேற இன்னா பேசுவாருன்னு ஒருநாள் கேக்கணும்."

அவர் அப்படித்தான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி இருப்பார். வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வெள்ளிமலை ஏறி, புளியும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்குவார். அந்த வருசம் ஆடியில் நாங்களும் சாமி கும்பிட அந்த ஜீப்பில் போனோம். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி, கிழக்கே கை நீட்டி, அதோ வெள்ளைக் கோடு தெரியுதே, அதுதான் கடல் என்றான். சும்மா அடித்துவிட்டான். பூமாலை அக்கா அதை நம்பினாள். வண்டி கிளம்பி வளைவு திரும்பும்வரை கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தாள். அதன்பிறகு அவளுக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன்.

அந்த ஆவணியில் ஒரு மாடு கன்று போட்டுச் செத்தது. குறி கேட்டதில், வீட்டுக்கு மூத்த பிள்ளை பெண்டாட்டியோடு கடலில் முழுகி, கையால் மொண்டு வந்த தண்ணீரை மாளய அமாவாசையில் வீடு முழுக்கத் தெளிக்க வேண்டும் என்று வந்தது. தனியாளாகப் போய் எடுத்தால் செல்லாதாம். தம்பதியாக முழுக வேண்டும்.

"புதங்கிழம காலைல போங்க, ராவுக்குத் திரும்பிடுங்க," என்றாள் மாமியார். "அங்க சுத்திப் பாக்கற வேலையெல்லாம் வச்சிக்காதீங்க."

"வேணாம்ணா, மறுநாளு மறியல்," என்றார் என் வீட்டுக்காரர்.

"போன வருசம் மாதிரி ஒரு நாள் கூத்துதான? அதுக்குள்ள வந்துடுவேன்," என்றார் மாமா. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

புதன்கிழமை காலையில் போனார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் ரோட்டில் மரம் விழுந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை. ஒரு நாளில் முடியவில்லை, ஒரு வாரம் நடந்தது. சுட்டார்கள், கொளுத்தினார்கள், எத்தனையோ வீட்டில் சாவு விழுந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டுப் போனவர்கள் திரும்பி வராத வாரம் அது. அந்த வீடுகளில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. மாமாவும் அதனால்தான் இதைப் பற்றிக் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அமாவாசை வந்தது, தண்ணீர் வரவில்லை. மாமியார் நாள் முழுக்கக் கத்தினாள். அதையும் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே நடந்ததெல்லாம் பிறகு பல வருசமாகக் களையெடுக்கும்போதும் புளி கொட்டை எடுக்கும்போதும் துண்டு துண்டாக அவள் சொன்னது. கடலூரில் இறங்கி, தேவனாம்பட்டினத்தில் முழுகினார்கள். முதல் அலையில் அவள் புடைவை சுருண்டு, வாயெல்லாம் உப்பு. மாமா சிரித்தாராம். சத்தமாகச் சிரித்தாராம். "அவரு பல்லு வரிசையா இருக்கும்டி, அதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல," என்றாள்.

கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், கடைசி பஸ் போய்விட்டது என்றார் மாமா. திருப்பாதிரிப்புலியூர் கோயில் பக்கத்துச் சத்திரத்தில் தங்கினார்கள். மூன்று நாள் வேலையே இல்லை. காலையில் கோயில், மத்தியானம் தூக்கம், சாயந்தரம் கடல். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று திடுக்கிட்டு எழுந்து, எந்த மாடு என்று இரண்டு பேரும் சிரித்தார்களாம். நான் அந்த மாட்டுக்குத்தான் இங்கே தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மாமா ஒரு வாடகை சைக்கிள் எடுத்து வந்தார். "பாண்டிச்சேரி பக்கந்தான், பாத்துட்டு வரலாம், ஏறு," என்றார். பின்னால் இவள், மடியில் கடல் தண்ணீர்க் கேன். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் வெட்டிக் கிடந்தது. மறியல்காரர்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள்.

"எங்க போறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கடலுக்கு," என்றார் மாமா.

"ஊரு இன்னா கெதில கெடக்குது, கடலுக்குப் போறாராம்," என்றார் அவர். அப்புறம் இவளைப் பார்த்துவிட்டு, "சரி, பொம்பளய இட்டுக்கினு வந்துட்டீங்க, பாத்துத் தாண்டிப் போங்க," என்று வழி விட்டார்.

மாமா சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு மரத்தின் மேல் ஏறி நின்று, அத்தனை பேர் பார்க்கக் கையை நீட்டினார். இவள் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"ஊரறிய கையப் புடிச்சது கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவ, புளியமரத்துமேல ஒரு தடவ," என்பாள். இதை மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பாள். சொல்லும்போது தன் கையைத் தானே பிடித்துக்கொள்வாள்.

பாண்டிச்சேரியில் சிவப்புத் தொப்பி போலீசைப் பார்த்தார்கள். கல்லில் அலை மோதும் கடற்கரை ரோட்டில் கால் நோக நடந்தார்கள். வீராம்பட்டினத்தில் கட்டுமரம் கரை ஏறுவதைப் பார்த்து, மீன்காரியோடு வம்பளந்து, புரட்டாசி என்பதையும் மறந்து மீன் குழம்பு தின்றார்கள். ஒரே இலையில். அதுவும் ஒரே நேரத்தில். அவர் முள் எடுத்துப் போட இவள் தின்றாளாம். தினம் காலையில் மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார். "ஊருக்கு இன்னும் வுடல," என்பார். இவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள்ளே குதிப்பாள்.

"அந்த மரத்தையெல்லாம் எடுக்கவே கூடாதுன்னு சாமிய வேண்டிக்கினேன்டி. பாவந்தான். வேண்டிக்கினேன்," என்றாள் ஒருநாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார்கள். கறுத்துப் போய், கண்ணெல்லாம் பளபளவென்று வந்தாள். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அமாவாச போயி நாலு நாளாச்சி, இந்தத் தண்ணிய யாரு தலைல ஊத்தறது?" மாமா பழையபடி வாயை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அத்தோடு சரி. அதன்பிறகு எத்தனையோ புரட்டாசி வந்தது, அவர் அவளை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. இலையும் தனி, நேரமும் தனி.

அந்தக் கேனை அவள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். இரண்டாம் நாள் அவள் கொல்லைக்குப் போன நேரம் நான் அதை எடுத்துப் புழக்கடையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், ஆத்திரம்தான். பத்தே நாளில் செடி பட்டுப்போனது. அவள் பட்ட செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம்.

வயதான பிறகு வெள்ளிமலைக்குப் போகும் ஜீப்பில் அவளே ஏறிப் போய் வருவாள். அந்த வளைவில் இறங்கி நிற்பாள். டிரைவர்கள் மாறிவிட்டார்கள். "அது ஏரிம்மா, கடலு இல்ல," என்று ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டான். "தெரியும்பா, கொஞ்சம் நில்லு," என்றாளாம்.

மாமா செத்து மூன்று வருசம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாள் அவள் என்னிடம் சொன்னாள். "அவரு நல்ல மனுசந்தான்டி. ஆனா ரோடு அடைச்சதால மாட்டிக்கினாரு. அடைக்கலன்னா அன்னிக்கே திரும்பியிருப்பாரு. அந்தப் பத்து நாளும் எனக்காக இருந்தாரா, வேற வழியில்லாம இருந்தாரான்னு நான் கேக்கவே இல்ல. இனி யாரக் கேக்கறது?"

எனக்குப் பதில் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு காலம் வைத்திருந்ததை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

போன புரட்டாசியில் இளஞ்செழியன் கார் வாங்கினான். "பெரியம்மா, கடலுக்குப் போலாம் வா," என்று எங்கள் இருவரையும் ஏற்றினான். அகல ரோடு, வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டரை மணி நேரத்தில் பாண்டிச்சேரி. வழியில் புளியமரம் ஒன்றுகூட இல்லை. கல்லின்மேல் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்ததும் அவன் கைக்கெடியாரத்தைப் பார்த்தான். "கெளம்பலாமா பெரியம்மா? வெளிச்சம் இருக்கறப்பவே வூட்டுக்குப் போயிடலாம்."

"அவ்ளோ சீக்கிரமா போயிடலாமா?" என்று கேட்டாள். "அப்ப ரோடு சரியில்லாததுதான் எனக்கு நல்லதா போச்சி."

அவன் கார் எடுக்கப் போனான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டறதா இருந்தா திட்டிக்கோ," என்றேன். "நீங்க போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி, திங்கக்கிழம, நானும் மாமாவும் புளி மூட்டையோட கள்ளக்குறிச்சிக்குப் போனோமே. மார்க்கெட்டு செவுத்துல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. ஒரு வாரம் மறியல்னு பெரிய எழுத்துல இருந்துச்சி. எட்டாங் கிளாஸ் படிச்சவ, நானும் படிச்சேன். மாமாவும் படிச்சாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு நாளுன்னுதான அத்தைகிட்ட சொன்னாரு?"

"பொய்யிக்கா. தெரிஞ்சேதான் உன்ன இட்டுக்கினு போனாரு. ஒரு நாளு போறவரு பையில ரெண்டு வேட்டியும் சவரப் பெட்டியும் வச்சாரு, நான் பாத்தேன். அதுமட்டுமா? அடுத்த வியாழக்கிழமையே ரோடு தொறந்துடுச்சி. எங்க வூட்டுக்காரரு மறுநாளு வெள்ளிக்கிழம உளுந்தூர்ப்பேட்ட போய் வந்தாரு. நீங்க சனிக்கிழமதான வந்தீங்க? அத்தை கேட்டதுக்கு, கடலூர் பக்கம் இன்னும் மரம் எடுக்கலையாம்னு நாந்தான் சொன்னேன். ஒருத்தியாவது இருந்துட்டு வரட்டும்னு தோணுச்சி."

"பொய் சொல்லிக் காப்பாத்துனவ, எங்கிட்ட ஏன்டி சொல்லல இத்தினி வருசமா?"

"நீ வந்து எறங்குனப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். வயிறு எரிஞ்சிது. என்ன யாரு இட்டுக்கினு போனா? கேன் தண்ணியும் நாந்தான் கொட்டுனேன்."

"அது தெரியும்," என்றாள். கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள், ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. பிறகு என் கையைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

இளஞ்செழியன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஆரன் அடித்தான்.

"நீ போடா கண்ணு," என்றாள். "நானும் உங்கம்மாவும் நாலு நாளு கழிச்சி வரோம். அவளும் இருந்து பாக்கட்டும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாற்றுப் புடைவைகூட இல்லையே என்றான். வாங்கிக்கலாம் போ என்றேன் நான். எனக்கு அறுபது வயதாகிறது, வீட்டில் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் முணுமுணுத்துக்கொண்டே தங்குவதற்கு இடம் பார்க்கப் போனான்.

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆண்டாளு, அந்த போஸ்டரப் படிக்கறப்ப அவரு எப்படி இருந்தாரு?"

"ரெண்டு தடவ படிச்சாருக்கா. முழுசா படிச்சிட்டு, திரும்ப மேலேர்ந்து படிச்சாரு. அப்புறம் மூட்டையத் தூக்கிக்கினு தனியா சிரிச்சாரு."

"பல்லு தெரியவா?"

"பல்லு தெரிய."

"இன்னொருக்கா சொல்லு," என்றாள். முதலிலிருந்து சொன்னேன்.