மச்சின்மேல் அழுகுரல்

1930-களில் நான் பேரையூரில் மிஷன் பள்ளி ஆசிரியன். ஓட்டுவீடு ஒன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். எங்கள் முதல் குழந்தை பிறந்த பதினோராம் நாள் இறந்துபோனது.

மறுமாதம், விளக்கேற்றும் நேரத்தில் மச்சின்மேல் பிள்ளை அழுகிறது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். நான் மாலை ஜெபம் முடிந்து வீடு வரும்போது எந்தச் சத்தமும் இருக்காது. துக்கத்தில் மனம் அப்படித்தான் ஏமாற்றும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் ஒன்றை அவளிடம் மறைத்தேன். அடுப்பு பற்றவைக்காத நாட்களிலும் வீட்டுக்குள் சுடுசோற்று வாசனை அடித்தது. வெளியே சொன்னால் நானும் அவளைப் போலாகிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு விவசாயி என்னைக் கூப்பிட்டார். கோழி திருட வருவதைப் பிடிக்க வேலியோரம் சுருக்கு வைத்திருந்தாராம். அதில் சாம்பல் நிற விலங்கொன்று கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. கறுத்த முகம், உடம்பளவு நீண்ட வால். குனிந்தேன். அதே சுடுசோற்று வாசனை.

"மரநாய்ங்கய்யா," என்றார். "எம்புட்டுக் கோழிய முழுங்குச்சு. பால் குடுக்குற பெட்டை போல."

காம்புகள் ஈரமாக இருந்தன.

அன்று ஜெபத்துக்குப் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் மச்சின்மேல் மெல்லிய அழுகை எழுந்தது. பசித்த பிள்ளையின் குரலேதான். ஏணி போட்டு ஏறினேன். ஓட்டுக்கடியில், தேங்காய் நாருக்குள் மூன்று குட்டிகள். கண்கள் பாதிதான் திறந்திருந்தன. வேட்டி மடிப்பில் வைத்து இறக்கினேன்.

அவள் நெடுநேரம் அவற்றையே பார்த்தாள். "நான் கேட்டது நெசந்தானே?" என்றாள்.

"நெசந்தான். சோத்து வாசனை எனக்கும் அடிச்சுது. சொல்லாம இருந்துட்டேன்."

அன்றிரவு முழுக்க என்னோடு பேசவே இல்லை. ஆட்டுப்பாலில் திரி நனைத்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு குட்டிகள் அந்த வாரமே இறந்தன. அவளே வேலியோரம் குழி தோண்டினாள். என்னைத் தொட விடவில்லை. மூன்றாவது பிழைத்தது. பகலெல்லாம் கூடையில் சுருண்டு தூங்கும். இருட்டியதும் அவள் தோளில் ஏறி வாழைப்பழம் தின்னும். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கும் பெயர் வைத்திருக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் அது உத்தரத்தில் ஏறி, விலகிய ஓட்டின் வழியே வெளியேறியது. மூன்று நாள் தட்டில் பழம் வைத்துக் காத்திருந்தாள். நான்காம் நாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வருவதாகத் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள்.