சைக்கிள் பாதையில் ஒரு பூவரசங்கொம்பு

எங்கள் தெருவைத் தாண்டிய பெரிய சாலையில் ஒரு நாள் பச்சைப் பட்டை அடித்தார்கள். ஓரத்தில் நீல வட்டப் பலகை, அதில் வெள்ளைச் சைக்கிள், கீழே அம்புக்குறி. தி.நகர் ஜவுளிக்கடைக்குத் தினமும் சைக்கிளில் போகிற எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மறுநாளே அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. அம்புக்குறி காட்டிய பாதை முதலில் வரிசையாக நிற்கும் கார்களுக்குள் நுழைந்தது. அப்புறம் ஒரு மின்சாரப் பெட்டி. அதையும் சுற்றிக்கொண்டு போனால், மூடியில்லாத மழைநீர் வடிகால். ஒரு ஆள் அப்படியே இறங்கலாம். உள்ளே துருப்பிடித்த கம்பிகள் வேறு. இவர்கள் யாருக்கு வழி காட்டுகிறார்கள், எமனுக்கா?

பலகை வைத்தவர்கள் யாரும் சைக்கிள் மிதித்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். எங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. சாலையில் எங்கே குழி விழுந்தாலும், பக்கத்தில் இருக்கும் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் நட்டுவிடுவார்கள். இந்த வடிகால் குழியில் எதிர் டீக்கடை அக்கா ஒரு நீளப் பூவரசங்கொம்பைக் கம்பிகளுக்கு நடுவே நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். இலை காய்ந்தால் வேறு கொம்பு வைப்பார். தண்ணீர் முழங்கால் வரை நின்றாலும் கொம்பு தெரியும், ஒதுங்கிவிடலாம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மயிலாப்பூரில் டியூஷன் முடிந்து, பள்ளியில் கொடுத்த சைக்கிளில் அந்த வழியாகத்தான் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு வருவாள். "போர்டைப் பாக்காதடி, கொம்பைப் பாரு" என்று தினமும் சொல்லி அனுப்புவேன். "ஐயோம்மா, எத்தன தடவ!" என்று பல்லைக் கடிப்பாள்.

ஐப்பசியில் ஒரு நாள் வேலைக்குப் போகும்போது சாலை பளபளவென்று இருந்தது. ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு, பச்சைப் பட்டைக்குப் புதுப் பெயின்ட். கொம்பைக் காணோம். குழியின் மேல் ஒரு பிளைவுட் துண்டு கிடந்தது.

"என்னக்கா, கொம்பு எங்க?"

"காலைல கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து குப்பைன்னு வாரிக்கினு போய்ட்டானுங்கமா. யாரோ பெரிய மன்ஷன் வர்றாராம். சும்மா அழகா கீது பாரு ரோடு! மூடி கேட்டா பிளைவுட்ட போட்டுட்டுப் போறானுங்க. நாளைக்கு வேற நடறேன், இன்னிக்கு நட்டா திரும்பப் புடுங்குவானுங்க."

பெரிய மனுஷர் வந்தாரோ இல்லையோ, மதியம் மழை வந்தது. சாயங்காலம் கடை வாசலில் தண்ணீர் ஏற ஏற எனக்கு அந்தக் குழி ஞாபகம்தான். பிளைவுட் மிதக்குமே! மகளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள், டியூஷனில் அப்படித்தான் சொல்வார்கள். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சைக்கிளை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்கப் பழுப்புத் தண்ணீர். டீக்கடை பூட்டியிருந்தது. பிளைவுட் துண்டு தள்ளிப்போய் ஒரு காரின் டயரில் முட்டிக்கொண்டு மிதந்தது. குழி எங்கே? தினமும் கடக்கிற எனக்கே தெரியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலால் தடவித் தடவி நகர்ந்தேன். விளிம்பு தட்டுப்பட்டது. சுற்றிக்கொண்டு மகள் வரும் பக்கம் போகத் தைரியமில்லை. குழிக்கு இந்தப் பக்கமே நின்று, எதிரே வருகிறவர்களையெல்லாம் கையை வீசி விரட்டினேன்.

"அந்தாண்ட போங்க, குழி இருக்கு!"

"இன்னாமா, ரோடு உன்னுதா?" என்று முறைத்தார் பைக்கில் வந்த ஒருவர். ஆனால் விலகிப் போனார். விலகினால் போதும், திட்டிக்கொள்ளட்டும்.

அப்போது மஞ்சள் ரெயின்கோட் தெரிந்தது. என் பெண்தான். "நில்லுடி! நில்லு!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. எது பட்டை, எது நடுரோடு என்று புரியாமல் தயங்கித் தயங்கி வந்தவள், என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. நேராக என்னை நோக்கி மிதித்தாள். முன்சக்கரம் இறங்கியது, அவளும் சேர்ந்து உள்ளே போனாள்.

குப்புற விழுந்து இரண்டு கையாலும் துழாவினேன். புத்தகப் பையின் வார் மாட்டியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஓடிவந்து ஒரு கை பிடித்தார். இழுத்துப் போட்டோம். கம்பி கிழித்துத் தொடையெல்லாம் ரத்தம். உயிர் இருந்தது, என் தெய்வமே, உயிர் இருந்தது.

அவர் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முந்தானையைச் சுருட்டி அவள் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தேன். பயத்தில் அவளைத்தான் திட்டினேன். "அவ்ளோ கத்துறேன், நேரா குழிக்குள்ளயே வர்றியேடி, பாவி!"

பல் தந்தியடிக்க அவள் சொன்னாள்: "நீ அங்க நின்னியேம்மா. அதான் வழி நல்லா இருக்கும்னு வந்தேன்."