பின்னுக்குச் சுற்றிய மில்

சாச்சா வாங்கி வந்த இஞ்சின் கடலில் ஓடிப் பழகியது. திருகோணமலைத் துறைமுகத்தில் கழித்துப் போட்ட ஒரு படகிலிருந்து கழற்றியது. அதை லோஞ்சுப் படகில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு வளவில் சீமெந்து போட்டு இறுக்கி, எதிரே ஒரு பழைய நெல்மில்லையும் நட்டுவிட்டார். வாப்பாவின் தம்பியான அவர் துறைமுகப் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் கிரீஸ் துடைத்தவர். அந்த இரண்டு வருடத்தை இருபது வருடம் போலப் பேசுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இருந்த ஒரு சட்டையும் கிழிந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவன், புதுச்சட்டை வந்த பிறகும் போகவில்லை. அதனால் வளவுக்கு வருபவர்களுக்கெல்லாம் சாச்சா செய்யும் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். எண்ணெய் உள்ளே வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தள்ளலைக் கிராங்க் சுற்றலாக மாற்றும். கனத்த சில்லு, அதாவது சக்கரம், அந்தச் சுற்றலைத் தடுமாறாமல் வைத்திருக்கும். பெல்ட் அதை மில்லுக்குக் கொண்டுபோகும்.

"இஞ்சின்ட சில்லு பெரிசு, மில்லுட சில்லு சின்னன். இது ஒருக்காச் சுத்த, அது மூணுதரம் சுத்தும். விளங்கினதா?" என்பார். மீன் கொண்டுவந்தவர்கூட "ஓம்" சொல்லிவிட்டுத்தான் கூடையை இறக்க முடியும்.

அவருக்கு வேண்டியது மில் மட்டுமல்ல. தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் இருந்த மாமாவின் மகளையும் கேட்டிருந்தார். உம்மாவுக்குத் தூரத்து உறவான அந்த மாமாவுக்கு வயலும் மாடும் இருந்தன. நகரத்திலிருந்து ஒரு கிளாக்கரும் பெண் கேட்டிருந்தார், வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும். மாமா நேர்மையான மனிதர். பதில் சொல்லுமுன் சாச்சாவையும் சோதித்துப் பார்க்க, வியாழன் காலை ஒரு மூட்டை நெல்லுடன் வந்து சேர்ந்தார்.

"பின்னேரம் அசர் தொழுகைக்கு முந்தி இதக் குத்தித் தாங்க தம்பி. பிறகு கதைப்பம்."

சாச்சா அதுவரை மில்லை வெறுமையாகவே ஓட்டியிருந்தார். குத்திப் பார்க்க எங்களிடம் நெல் ஏது? அரிசியையே சுண்டு டின்னில் அளந்து வாங்கிய வீடு. வெறுமையாக ஓடும்போது அது அழகாகத்தான் ஓடியது.

இஞ்சின் முழங்கியது. சாச்சா பிஸ்மி சொல்லி நெல்லைக் கொட்டினார். கீழ்வாயில் ஒரு மணி அரிசி விழவில்லை. கொட்டிய நெல் உலைச்சோறு மாதிரி மேல்வாயில் கொதித்து எழும்பி, அவருடைய முகத்திலேயே தெறித்தது.

"நெல்லுக்கு உள்ள போக விருப்பமில்ல போல," என்றார் ஒருவர். வளவே சிரித்தது.

படகு இஞ்சின் மறுபக்கம் சுற்றுகிற சாதி. மில்லுக்குள் இருந்த உருளையில் திருகாணி போல வரி வெட்டியிருந்தது. சரியாகச் சுற்றினால் நெல்லை முன்னே தள்ளும், மாறிச் சுற்றினால் வந்த வழியே திருப்பி அனுப்பும். சாச்சாவுக்கு அது புரிய நடுப்பகல் லுஹர் பாங்கும் சொல்லியாகிவிட்டது.

"சீமெந்த உடைச்சு இஞ்சினத் திருப்பி வைப்பம்," என்றார் வாப்பா.

"இண்டைக்கு ஏலாது காக்கா. புதுச் சீமெந்து இறுகக் கிழமை செல்லும்," என்று சாச்சா தன் அண்ணனிடம் சொல்லி, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினார்.

பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கூடிய இடத்துக்கு அவர்கள் வருவதில்லை. இரண்டு பக்கமும் போய்வரச் சுதந்திரமுள்ளவன் நான் ஒருவன்தான். கிடுகு இடுக்கால் ஒரு விரல் என்னைக் கூப்பிட்டது. போனேன். மாமாவின் மகள்.

"பெல்ட்டக் கழட்டி, நடுவுல ஒருக்கா மாறிப் போடச் சொல்லு. எட்டுப் போல." கால் பெருவிரலால் மணலில் எட்டு வரைந்து காட்டினார். "ஒருநாள் என்ட தையல் மிசினுக்கு வாரைப் பிழையா மாட்டிப் போட்டன். சில்லு பின்னுக்குச் சுத்தினது. நான் சொன்னதெண்டு ஆருக்கும் சொல்லப்படாது. என்ட வாப்பாக்குக் கேக்காமச் சொல்லு, ஓடு!"

ஓடி வந்து சாச்சாவின் காதில் சொன்னேன்.

"ஆர் சொன்ன?"

"நானேதான் யோசிச்சனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்தார். பிறகு குதித்தெழுந்து, "சாக்கக் கட்டாதீங்க மாமா! இஞ்சின் சூடேறட்டும் எண்டுதான் இருந்தனான்," என்றார்.

பெல்ட் முன்பே கொஞ்சம் தொய்ந்திருந்தது. மாறிப் போட்டதும் இறுகி நின்றது. நடுவில் ஒன்றோடொன்று உரசிச் சர்சரென்று புகைந்த நாற்றம் வந்தாலும், மில் திரும்பிச் சுற்றியது. கீழ்வாயில் அரிசி கொட்டியது. மாமா ஒரு மணியைக் கடித்து, இன்னொன்றையும் கடித்து, "உடையல்ல," என்றார். "மஃரிபு தொழுகைக்குப் பிறகு காக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்ட வாங்க, மிச்சத்தக் கதைப்பம்."

"எல்லாம் பட்டறையில படிச்சது," என்று சாச்சா எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினேன்.

"உங்கட யோசினைய சாச்சா தன்ட எண்டு சொல்றார். மாமாட்டப் போய் உண்மையச் சொல்லவா?"

மாமாவின் மகள் என் வாயைப் பொத்தினார். முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கையில் இருந்த தொதல் இனிப்புத் துண்டை என் வாயில் திணித்து, "சொன்னியெண்டாக் கொன்னுபோடுவன்," என்றார்.

தொதலைச் சப்பிக்கொண்டே யோசித்தேன். இவருடைய கெட்டித்தனத்தை ஒருவன் பகலில், பத்துப்பேர் முன்னால் களவெடுக்கிறான், இவர் சிரிக்கிறார். தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத அப்பாவி என்று முடிவு செய்து, அவருக்காக நிரம்பக் கவலைப்பட்டேன்.