அம்மா பேசினவா

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வன்னியில் ஏன் சில குடியிருப்புகளிலேயே சேர்ந்து வாழ்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசைக்காரர் பதில் சொல்லிவிட்டார். "அவையள் தங்கட ஆக்களோட இருக்கத்தான் விரும்புவினம். அது அவையின்ர பழக்கம்." ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

அந்த 'அவையளில்' நானும் ஒருத்தி என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது. என் பேச்சில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பத்து வயதிலேயே அதைத் துடைத்து எறிந்துவிட்டேன். எப்படி எறிந்தேன் என்று நினைத்தால் இன்றும் முதலில் வருவது கோபம்தான். அது யார்மீது என்று பிரித்துப் பார்க்கத்தான் வெகுகாலம் பிடித்தது.

எங்கள் தாத்தா தலைமுறை தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிவாங்கி, கையில் அகப்பட்டதோடு ஓடிவந்து, வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியது. அப்பா பிறந்தது இங்கே. நான் பிறந்ததும் இங்கேதான். இறுதிப் போரில் எல்லோரோடும் சேர்ந்துதான் ஓடினோம். பதுங்குகுழிக்குள் யாரும் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. முகாமில் எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். மீளக் குடியேறிய பிறகுதான் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது.

அப்பா மேசன். மாங்குளத்தில் பெரிய வீதியோரமாக, ஷெல் விழுந்து கூரை போன கல்வீடு ஒன்றைத் திருத்திக் கொடுத்தார். வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். அப்பாவின் வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டைப் பூட்டி வைத்தால் பாழாகிவிடும், நீங்களே குடும்பத்தோடு இருந்து பார்த்துக்கொள்ளுங்கோ என்று தொலைபேசியில் சொன்னார். குடியிருப்பில் எங்களுடையது தகரக் கொட்டில். பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் நடக்க வேண்டும். புது வீட்டிலோ குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில், குழாய். முதல் மணியடித்த பிறகு புறப்பட்டாலும் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விடலாம். அந்த வீட்டை விட்டு இனி ஒருபோதும் போவதில்லை என்று நான் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் டீச்சர் இருந்தார். எங்களுக்குத் தமிழ் படிப்பித்தவர் அவர்தான். அவருடைய மகள் என் வகுப்பு. முதல் நாள் டீச்சர் ஏதோ கேட்க, நான் எழுந்து "ஆமாங்க டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு, 'ஓம்' என்று சொல்லும்படி மூன்று தடவை சொல்ல வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். ஓம். வாறன். போனனான். ஒரு மாதத்தில் எனக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

அம்மா கடையில் "பாண் குடுங்கண்ணே" என்று கேட்கும்போது, பின்னால் நிற்கும் பிள்ளைகள் அதையே இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அந்தப் பிள்ளைகளிடம் கோபப்படவில்லை. அம்மாவின் கையைக் கிள்ளினேன். வீட்டுக்கு வந்து, இனி வெளியில் இப்படிப் பேசக்கூடாது என்று சொன்னேன். அதன் பிறகு அம்மா கடையில் விரலால் சுட்டிக்காட்டத் தொடங்கினார். பிறகு என்னையே கடைக்கு அனுப்பினார். நான் அதை ஒரு வெற்றியாக நினைத்தேன்.

நான்காவது மாதம் ஒரு மழை நாள். டீச்சர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட, அவருடைய மகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டுத் தலை துவட்டிவிட்டு, குசினியில் என் பக்கத்தில் இருத்தி, சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். அவள் மூன்று ரொட்டி சாப்பிட்டாள். அம்மா தன் அம்மாவிடம் கேட்ட கதைகளை, கொழுந்து பறிக்கும்போது காலில் அட்டை ஏறிய கதைகளையெல்லாம் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்து இன்னொன்று சொல்லச் சொன்னாள். அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அந்த வீட்டில் அன்று மட்டும்தான்.

மறுநாள் பின்னேரம் டீச்சர் எங்கள் படலைக்கு வெளியே வந்து நின்றார். மகளும் பின்னால் நின்றாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார். டீச்சர் அசையவில்லை. நேற்று தன் பிள்ளை இங்கே வந்தாளா என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர். பாவம், தனியா நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் கூப்பிட்டுப் பேசினேன்."

"பேசினனீரோ? என்ர பிள்ளையைப் பேச நீர் ஆர்?"

எங்கள் வீட்டில் பேசுவது என்றால் பேசுவது. அந்தத் தெருவில் பேசுவது என்றால் ஏசுவது. மற்றதற்குக் கதைக்கிறது என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. நல்லாத்தாங்க பேசினேன், ரொம்ப நேரம் பேசினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லக் குற்றம் கூடிக்கொண்டே போனது. எதிர்க் கடையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். தோட்டக்காட்டாரை றோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ சொல்லு. அம்மா இவளைப் பேசினவாவோ இல்லையோ?"

எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். அங்கே நின்றவர்களில் அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். டீச்சரின் மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஓம் டீச்சர்," என்றேன். "அம்மா பேசினவா."

எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன். அம்மாவின் மொழியில் அது உண்மை. டீச்சரின் மொழியில் பொய். எந்த மொழியில் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார்.

தமிழ் படிப்பிக்கிற ஒருவருக்கு 'பேசினேன்' என்றால் என்னவென்று தெரியாமல் இருக்குமா? பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அவருக்குப் பொறுக்காதது எங்கள் குசினியில் தன் மகள் சாப்பிட்ட ரொட்டி. படித்தவர் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டார். இது எனக்கு விளங்கியபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். நடந்துகொண்டிருந்த விரிவுரையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். அவ்வளவு கோபம்.

செய்தி கனடாவரை போனது. வீட்டுக்காரர் அப்பாவோடு நல்லபடியாகத்தான் பேசினார். நீங்கள் இருங்கோ, அயலோடு கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ என்றாராம். அப்பா ஓமென்று கேட்டுவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரித்தார். நான் அழுதேன். வீட்டுக்காரரே இருக்கச் சொல்கிறாரே, நாங்கள் ஏன் போகவேண்டும் என்று கத்தினேன்.

"இருக்கச் சொல்லித்தான் சொல்றாரு," என்றார் அப்பா. "நாமதான் போறோம்."

அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். ஒரு வாரம் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா நான் சொன்னதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. கேட்டு நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஒரு சின்ன உழவு இயந்திரத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். குடியிருப்பின் மண்பாதையில் அது முழுதாக நிற்பதற்கு முன்பே அம்மா குதித்து இறங்கிவிட்டார். பெண்கள் ஓடிவந்து சட்டிபானைகளை இறக்கினார்கள். அம்மா பேசத் தொடங்கினார். நாலு மாதக் கதையையும் ஒரே மூச்சில், நடு வெயிலில் நின்று, கையை வீசி, உரக்கச் சிரித்துப் பேசினார். இடையில் அழுதார். அழுதுகொண்டே மறுபடி சிரித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் சாமான் பெட்டியின்மேல் உட்கார்ந்து, புத்தகப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மா இப்பிடிச் சத்தம் போடுறீங்கள்? றோட்டால போற ஆக்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்டி," என்று சொல்லிவிட்டு அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்தப் பாதையால் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் போவதில்லை. அதற்காகத்தான் அம்மா அங்கே திரும்பி வந்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.