பாதிக் காகம்

2009. எனக்கு எட்டு வயது. ஊரை விட்டு வெளிநாடு வந்து தோர்ண்டன் ஹீத்தில் இருந்தோம்.

புரட்டாதிச் சனிக்கு அம்மா விரதம். காகத்துக்கு எள்ளுச்சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். எங்கள் பல்கனிக்குப் புறாதான் வரும். பறவைக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்று நகரக் கவுன்சிலும் கடிதம் போட்டுவிட்டது. அதனால் சோற்றைக் கடதாசியில் சரையாகக் கட்டி, தன் அண்ணனிடம், என் மாமாவிடம், கொடுத்தார். மாமாவுக்கு மிருகக்காட்சிசாலையில் கூட்டுகிற வேலை. ஆறு மாதம் சும்மா இருந்து கிடைத்தது.

"அங்க காகம் கனக்க, தங்கச்சி," என்றார். என்னையும் கூட்டிப்போனார்.

குரங்கு மாதிரி வாலும் கையும் உள்ள லெமூர்களின் கூடு பெரியது. ஆட்களும் உள்ளே நடக்கலாம். மாமா இலை கூட்டினார். நான் ஆட்கள் இருக்கிற மர வாங்கில் சரையை விரித்து "கா, கா" என்று கூப்பிட்டேன். காகம் வரவில்லை. ஒரு லெமூர் இறங்கி வந்து தின்றது. உடம்பில் பாதி கறுப்பு. காகத்துக்குப் பதில் அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மாமா கண்டார்.

"என்னடி செய்தனி? என்ர வேலைக்கு உலை வைச்சிட்டாய்!"

மடகாஸ்கரிலிருந்து மிருக வைத்தியம் பழக வந்த ஒரு அக்கா ஓடி வந்தார். மாமா ஒளிக்கவில்லை. சோறு, எள்ளு, நல்லெண்ணெய் என்றார். மிளகாய் இல்லை என்று மூன்று தரம் சொன்னார். அக்கா லெமூரின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா மாமாவின் போனுக்கு இரண்டு தரம் அடித்தார். மாமா எடுக்கவில்லை.

மத்தியானம் தாண்டி லெமூர் கக்கா இருந்தது. அக்கா குச்சியால் கிண்டினார். எள்ளு அப்படியே இருந்தது. சிரித்தார். ஒன்றுமில்லையாம். இனிச் சோறு கொண்டுவந்தால் தனக்குத் தரட்டாம், தங்கள் ஊரில் மூன்று வேளையும் சோறுதானாம்.

மாமா அப்படியே புல்லில் குந்திவிட்டார். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"ஓம் தங்கச்சி, வந்து வடிவாச் சாப்பிட்டது. நீ சாப்பிடு."

அக்காவும் அதுவரை சாப்பிடப் போகவில்லை. உங்களுக்கும் வேலை போயிருக்குமா என்று அவரிடம் கேட்டேன்.

"இதுகள் இருந்தால்தான் என் அப்பாவுக்கு வேலை," என்றார்.

மாமா பிறகொரு நாள் சொல்லித்தான் தெரியும்: அந்த அப்பா முன்பு மடகாஸ்கரில் காட்டை எரித்து நெல் விதைத்தவராம். இப்போது லெமூரை ஆராய வருகிறவர்களுக்கு அதே மழைக்காட்டில் வழி காட்டுகிறாராம். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா படித்தாராம், ஊர்ப் பள்ளிக்கூடமும் அந்த ஆராய்ச்சிக்காரர்களால்தான் வந்ததாம்.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வாசல் தாண்டும்வரை, மாமா மாதிரி விளக்குமாறு பிடித்த ஆட்களுக்குள் அக்காவின் அப்பா எவர் என்று தேடிக்கொண்டே வந்தேன்.