சாம்பல் நிறமிட்ட இரண்டு ஏக்கர்

பிழையை ஒப்புதல் பேரறம். கண்டதைக் கண்டவாறு உரைப்பது வாய்மையின் முதற்படி. கண்டதே பிழை எனப் பின்னர் அறிந்து, அதையும் ஊரறிய உரைப்பது அதன் முடி. முதற்படியில் நிற்போர் பலர்; முடிவரை ஏறுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், ஏழாயிரம்பண்ணையில் உயர்நிலைப் பள்ளியொன்றில் சமூக அறிவியல் கற்பிக்கும் கனகமணி அம்மையார்.

பிறந்தது மல்லாங்கிணறு. தந்தையார் ஆசிரியர், தாயார் செவிலியர். ஞாயிறுதோறும் தவறாது திருச்சபைக்குச் செல்லும் குடும்பம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல் கிடந்தும், அவ்வீட்டில் ஏர் பிடித்த கை ஒன்றும் இல்லை. மணந்துகொண்ட ஞானமுத்துவுக்கும் உழவு தெரியாது. அவருக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. சிற்றூர்களின் தொழிலாளரைக் காலையில் பட்டாசு ஆலைக்கு ஏற்றிச்செல்வதும் மாலையில் வீடு சேர்ப்பதும் அவர் தொழில்.

2023ஆம் ஆண்டு ஆவணியில், பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஐஸ்வர்யா என்னும் ஆய்வு மாணவி வந்தாள். பட்டாசுத் தொழில் பரவிய ஊர்களில் நிலம் எவ்வாறு பயன்படுகிறது, எந்த வீட்டார் காடு எனப்படும் மானாவாரி நிலத்துக்குப் போகின்றனர், எந்த வீட்டார் வேனேறுகின்றனர், விளைந்த உளுந்தும் மிளகாயும் எச்சந்தைக்குச் செல்கின்றன என்பன அவள் தேடிய விடைகள். ஊருக்கு ஒருவராக உள்ளூர் ஆசிரியர்களைத் துணைக்கு அழைத்தாள். கீழக்கரிசல் என்னும் சிற்றூர் கனகமணிக்கு வாய்த்தது.

வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பிறர் வரைந்த வரைபடங்களைச் சுவரில் தொங்கவிட்டுக் கோல்கொண்டு காட்டியவர், முதன்முறையாகத் தாமே ஒன்றை வரையப்போகிறார். அம்மகிழ்ச்சியில் புரட்டாசி முதல் வாரம் முழுதும் பள்ளி விட்டபின் கைப்பேசியும் குடையுமாகக் காடுகாடாக நடந்தார். ஒவ்வொரு துண்டு நிலத்தருகிலும் நின்று நிறமிட வேண்டும். பயிருக்குப் பச்சை, தரிசுக்கு மஞ்சள், ஆலையைச் சுற்றிப் பாதுகாப்புக்காக வெறுமனே விடப்படும் இடத்துக்குச் சாம்பல்.

அந்நாட்டின் நிலவியல்பு விந்தையானது. உழவனுக்குப் பகையான வெயிலே வெடிமருந்துக்கு நட்பு. மழை பொய்த்த ஊரில்தான் மருந்து விரைவில் உலரும். ஆகவே காடும் ஆலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. பீடி பற்றவைத்தவர் எவரும் வழிதவறி நுழையாதிருக்க, ஆலையார் தம் காலியிடத்தின் வாயிலில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி இழுத்துப் போடுவது வழக்கம். வேனில் போய்வரும் எவரும் அம்முள்ளைக் கண்டாலே, ‘கம்பெனி இடம்’ என்று சொல்லிவிடுவர். கனகமணியும் அப்படியே கண்டார். ஊரின் கிழக்கெல்லையில், ஆலையொன்றை ஒட்டி, புல்லும் முளைக்காத இரண்டு ஏக்கர். அதன் வாயிலில் முள். ஒரு கணமும் தயங்காமல் சாம்பல் நிறமிட்டுக் கையெழுத்தும் இட்டார்.

நம் முன்னோர் நிலத்தைத் திணையாகப் பகுத்தபோது, மண்ணோடு பொழுதையும் சேர்த்தே பகுத்தனர். பொழுதை மறந்து மண்ணை மட்டும் நோக்குவோர்க்கு என்ன நேரும் என்பதைக் கனகமணி விரைவில் அறிந்தார்.

காந்தி ஜெயந்தியன்று கிராம சபை. அதற்கு இரண்டு நாள் முன்னரே, மக்கள் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும் என்று வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினர். அருகில் நின்றிருந்த கனகமணியிடம் ஒரு பெண்மணி வந்தார். பெயர் பாண்டிலட்சுமி; கணவரை இழந்தவர்; அந்த இரண்டு ஏக்கருக்கு உடையவர்.

“டீச்சர், கெழக்க ஓடைக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருக்கறது எங் காடுதான?”

“இது கம்பெனி காலியிடம்மா.”

“யாரு சொன்னாக? எங் காடு என்னத்துக்குப் பொகஞ்சுபோன கலர்ல கெடக்கு? வெடிச்சிட்டுன்னு சொல்லி வச்சிருக்கீகளா?”

கூடியிருந்தோர் சிரித்தனர். கனகமணியும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. “வாங்க, போய்ப் பாப்போம்” என்று குடையை எடுத்தார்.

காட்டின் வாயிலில் அதே முள். பாண்டிலட்சுமி அதை ஓரமாக இழுத்துவிட்டு, வரப்பில் குந்தி, சுட்டுவிரலால் புழுதியைக் கிளறினார். நான்கு விரற்கடை ஆழத்தில் மஞ்சளாக ஒரு மணி. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் விதையிட்டு, வானத்தை நோக்கிக் காத்திருப்பது கரிசல் உழவு. மேலே பார்ப்போர்க்கு அது வெற்று நிலம்.

“மக்காச்சோளம். வெதச்சுப் பன்னெண்டு நாளாச்சு. ஆடுமாடு மிதிச்சுறக் கூடாதுன்னு முள்ளப் போட்டேன்.”

“கம்பெனிக்காரங்க போடுற முள்ளுன்னு நெனச்சுட்டேன்.”

“அவுகளுக்குன்னு தனியாவா முள்ளு மொளைக்குது? எல்லாம் ஒரே ஓடை முள்ளுதான். நீங்க வந்து பாத்தீகள்ல, அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன?”

கனகமணி வரப்பிலேயே அமர்ந்துவிட்டார். அடுத்து பாண்டிலட்சுமி சொன்னது அவரை இன்னும் கலங்கச்செய்தது. ஆலையார் தம் எல்லையோரம் புதிய ஷெட்டுகள் கட்ட ஊராட்சியின் இசைவு கேட்டிருந்தனர். அருகே ஆள் நடமாடும் சாகுபடி நிலம் ஏதும் இல்லை என்பதற்கு, ஊராட்சிக்கு முன்னரே வந்திருந்த அவ்வரைபடத்தையே சான்றாக இணைத்திருந்தனர்.

“வரப்பு ஓரத்துல மருந்து ஷெட்டு வந்துட்டா எங் காட்டுக்குக் களையெடுக்க எவ வருவா? ஒரு வருசம் தரிசாக் கெடக்கும், மறு வருசம் அவுகளே வந்து வெலை கேப்பாக.”

வீட்டுக்கு வந்ததும் கனகமணி ஐஸ்வர்யாவைக் கைப்பேசியில் அழைத்து நடந்ததைக் கூறினார். “அறிக்கைல ஒரு வரியாத் திருத்தம் போட்டுக்கலாம் மேடம், இப்பவே சபைல சொல்லணும்னு இல்லையே” என்றாள் அவள். தீய எண்ணம் அன்று. அறிக்கை வெளிவர எட்டு மாதமாகும் என்பதை அவள் கருதவில்லை. சபை இன்னும் இரண்டு நாளில்.

வேறொரு முடிச்சும் இருந்தது. ஞானமுத்துவின் வேன் ஓடுவது அதே ஆலைக்கு. மாலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஞானமுத்து வாளியைக் கீழே வைத்தார். “பிள்ளைக தப்புப் போட்டா மார்க்கக் குறைப்பீக. நீங்க தப்புப் போட்டதுக்கு என் டிரிப்பக் குறைக்கப் போறீகளாக்கும், டீச்சரம்மா?”

“வேள தெரியாம கேலி பேசாதீங்க.”

“கேலி இல்ல. மேனேஜர் வெள்ளைத்துரை சும்மா விடமாட்டாரு. தீவாளி சீசன் வேற.” வாளியை எடுத்துச் சக்கரத்தில் நீரை ஊற்றினார். “நீங்க பேசாம இருந்தா அந்தம்மா காடு என்னாகும்?”

“போயிரும்.”

“அப்பொறம் நான் தெனமும் அந்த வழியாத்தான வண்டி ஓட்டணும். பேசுங்க.”

கிராம சபையில் தலைவர் சங்கையா, ஷெட்டுகளுக்கு இசைவளிக்கும் தீர்மானத்தை வாசித்தார். வரைபடம் மேசையில் விரிந்திருந்தது. வெள்ளைத்துரை முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கனகமணி எழுந்து, கிழக்கெல்லைத் துண்டு காலியிடம் அன்று, விதையிட்ட நிலம் என்றார்.

வெள்ளைத்துரை வரைபடத்தின் அடியில் விரல் வைத்தார். “டீச்சர், இது உங்க கையெழுத்துதான?”

“எங் கையெழுத்துதான். கையெழுத்து சரி, நான் பாத்ததுதான் தப்பு.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நம்ம பிள்ளைகளுக்கு இவுகதாம்லே பூகோளம் நடத்துறாக!”

சபை அதிரச் சிரித்தது. கனகமணியின் காதுகள் சிவந்தன. ஆயினும் அமரவில்லை. “நடத்துறேன். இந்தத் தப்ப நாளைக்கு வகுப்புலயும் சொல்லுவேன். முள்ளப் பாத்தேன், மண்ணப் பாத்தேன், காட்டுக்காரியக் கேக்கல. ஒரு எடத்துல கேக்கலன்னா மத்த எடத்துலயும் கேட்டிருக்க மாட்டேன். அதனால இந்தப் படத்துல நான் சாம்பல் அடிச்ச ஒவ்வொரு துண்டையும் திரும்பப் பாக்கணும். அதுவரைக்கும் இத நம்பி எதையும் முடிவு பண்ணாதீக.”

தன் ஒரு பிழையைச் சொல்ல வந்தவர், எவரும் கேளாமலே தன் உழைப்பு முழுவதையும் ஐயத்துக்கு உள்ளாக்கினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. சங்கையா பாண்டிலட்சுமியை நோக்கி, “வெதச்சது நெசந்தானா?” என்றார். “வந்து கிண்டிப் பாருங்க, தலைவரே. ஆனா கிண்டுன வெதைய நீங்கதான் திரும்ப மூடணும்” என்றார் அவர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த பத்து நாள் கனகமணி மீண்டும் நடந்தார். இம்முறை ஒவ்வொரு துண்டுக்கும் உரியவரைத் தேடிப் பிடித்து, கேட்டபின் நிறமிட்டார். கேட்டபோதுதான் வீடுகளின் உள்வாழ்வும் தெரியவந்தது. புழுதியில் விதையிட்ட அதே கை, மழை வரும்வரை ஆலையில் திரி பின்னுகிறது. மழை விழுந்ததும் வேனுக்கு விடுப்புச் சொல்லிக் காட்டுக்கு ஓடுகிறது. உழவர் இவர், தொழிலாளர் இவர் என்று ஐஸ்வர்யா வகுத்திருந்த இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர் நின்றது. வெறும் நிலமென்று சாம்பல் பூசியவற்றுள் இன்னும் நான்கு துண்டுகள் விதையிட்டவையாக வெளிப்பட்டன. ஐஸ்வர்யா தன் வகுப்புமுறையையே மாற்றி, பருவத்துக்கு ஒரு வரைபடமென மூன்று வரைந்தாள். ஷெட்டுகளுக்கு இசைவு கிடைக்கவில்லை. ஆலையார் வேறு பக்கம் இடம் பார்த்தனர்.

நன்மை செய்தார்க்கு உடனே நன்மை விளைந்தது என்று எழுத ஆசைதான், நிகழ்ந்தது அதுவன்று. தீபாவளி முடியுமுன்னரே ஞானமுத்துவின் காலை டிரிப் வேறொரு வண்டிக்குப் போயிற்று. ஏழு மாதம் அவர் கல்யாணச் சவாரிகளுக்கும் வேளாங்கண்ணிப் பயணங்களுக்கும் காத்திருந்தார். அதை ஒருநாளும் மனைவியிடம் குத்திக்காட்டவில்லை. பாண்டிலட்சுமியின் காட்டுக்கு மழை பிந்தி வந்தது. விதையில் பாதி எறும்புக்கும் குருவிக்கும் போக, எஞ்சிய இடத்தில் உளுந்து விதைத்தார். நன்றி கூற அவர் வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டபோது, “படத்துல நீங்க பச்சை அடிச்சிட்டீக டீச்சர், காட்டுல யாரு அடிக்கிறது?” என்று கேட்டு, ஒரு படி உளுந்தைக் கனகமணியின் பையில் கொட்டிவிட்டு நடந்தார்.

ஆயினும் அந்நிலம் இன்றும் அவருடையது. ஓர் ஆசிரியை சபை நடுவே நகைப்புக்கு ஆளாகி நின்ற சில நிமிடங்களின் பயன் அது. தன் மதிப்பைக் காக்க வாய்மூடி இருந்திருந்தால் ஏன் என்று அவரை எவரும் கேட்டிருக்கமாட்டார். ஆண்டவர் ஒருவரைத் தவிர.

அவ்வாண்டவர் அவ்வீட்டைக் காப்பாராக. கனகமணியின் சொல் என்றும் நேராக நிற்க. ஞானமுத்து செல்லும் வழியெல்லாம் இடரின்றி அமைக. அவர் வண்டியில் ஏறிய அனைவரும் நலமே இறங்குக. அவர்தம் மக்களும், மக்கள்தம் மக்களும், தவற்றுக்கு நாணி உண்மைக்கு அஞ்சாதவராய்ப் பல்லாண்டு பொலிக. அம்மனையில் அன்பும் அடுப்பும் ஒருநாளும் அவியாது வாழ்க.